பூவரசந்துறையின் உதடு

பதினோராவது நாளும் பிரகாசியின் உதடு சுறுசுறுத்தது.

ஏலக்கூடத்து சிமெண்டு மேடையில் அன்று காலை வந்த களவா மீன் கிடந்தது. கத்தி நுனியால் அதன் முதுகுச் சதையில் நகக்கண் அளவு கிள்ளி எடுத்துக் கீழுதட்டில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு மூன்று மங்கள வார்த்தை செபம் சொன்னாள். சுவரில் கூட்டுறவுச் சங்கம் மாட்டிய கடிகாரம் ஒன்று இருந்தது. ஒரு நிமிடம் ஆனதும் கூவும். அதை நம்பி எந்த உதட்டுக்காரியும் வேலை பார்த்ததில்லை. மூன்று செபம்தான் கணக்கு. மூன்றாவது முடிவதற்குள் எறும்புக் கூட்டம் ஒன்று உதட்டில் ஏறி, மூக்கடி வரை ஊர்ந்து, தாடையில் இறங்கிவிட்டது.

"செவப்பு," என்றாள்.

சங்கத்துச் செயலாளர் தங்கப்பழம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாளியிலிருந்த சிவப்புச் சாயத்தை மீன்மேல் ஊற்றினார். சாயம் ஊற்றிய மீனை விற்க முடியாது, கடலில் எறியவும் கூடாது. குழிக்குத்தான் போகவேண்டும்.

"இதுவுமா? மைனி, அம்புட்டுக் கடல்ல ஒத்த மீனு கூடவா நல்ல மீனு இல்ல?" என்று வெடித்தான் சிலுவை. அவன் பிரகாசியின் கணவன் எமிலியானுடைய தம்பி. இருவருக்கும் சேர்த்து ஒரே வள்ளம். "நம்ம வீட்டு மீனையே செவப்புங்கிய. அஞ்சு நாள்ல திருவிழா. ஊருக்கே சோறு போடுத அசனத்துக்குப் பருப்பா காய்ச்சப் போறோம்?"

"உதடு சொல்லுதத நான் சொல்லுதேன். நானா சொல்லுதேன்?"

"அப்ப உதட்டுக்கு என்ன சீக்குன்னு பாருங்க."

கூடத்தில் நின்றவர்கள் யாரும் அவனைக் கண்டிக்கவில்லை. பதினோரு நாளாக ஒவ்வொரு வீட்டு மீனும் குழிக்குப் போயிருந்தது. எமிலியான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு வலையை இழுத்தான். மனைவியை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, தம்பியை எதிர்த்துப் பேசவும் வாயில்லை. அவன் எப்போதும் அப்படித்தான், நல்லவன், ஆனால் ஆபத்துக்கு உதவமாட்டான்.

கடல் சூடேறிய பிறகு வந்த வினை இது. கடலடிப் பாறைப் பாசியில் ஊறும் விஷத்தைச் சின்ன மீன் தின்று, அதைப் பெரிய மீன் தின்று, கடைசியில் மனிதன் வாய்க்கு வந்து சேர்கிறது. வாடை கிடையாது, ருசி கிடையாது, கொதிக்க வைத்தாலும் சாகாது. இயந்திரம் கண்டுபிடித்துவிடும், ஆனால் ஒரு மீனுக்கு நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த வெயிலில் அதற்குள் மீன் அழுகிவிடும். அதனால் புத்திசாலிகள் யாரோ கூடி முளைப்பு ஊசி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உதட்டில் போட்டால் நரம்பு நூறாகக் கிளைக்கும். விஷத்தின் ஒரு துளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பட்டாலும் சுறுசுறுக்கும். பெண்களின் உதடு மெல்லியது, அதுதான் தோது என்று அரசாங்கத் தாளில் எழுதியிருந்தது. ஆண்களின் உதட்டை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பூவரசந்துறைக்கு ஒரே உதடு, அது பிரகாசியுடையது. எட்டு வருடமாக அவள் ஆறிப்போன டீயைத்தான் குடித்தாள். குழம்பில் மிளகாய் கிடையாது. எமிலியான் அவள் முகத்தருகே தன் மீசையைக் கொண்டுவந்தே எட்டு வருடம். இன்னும் இரண்டு வருடம் தள்ளிவிட்டால் ஒப்பந்தம் முடியும். அதற்குள் நரம்பு செத்துப்போனால் அதே வீட்டில் பதினாறு வயது நிறைந்த அடுத்த பெண் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மறுத்தால் வள்ளத்தின் உரிமம் போய்விடும். வீட்டில் இருந்த அடுத்த பெண் மகள் ஜெனோவா. பதினாறு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கோயில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிற ஒரே பெண்பிள்ளை அவள்தான். அவள் ஊதினால் கடற்கரை முனை வரைக்கும் கேட்கும். ஊசி போட்ட உதட்டில் பித்தளையை வைக்க முடியாது.

பதினோரு நாளாகப் பிரகாசி தூங்காததற்கு மீன் காரணமில்லை, இதுதான் காரணம்.

* * *

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மெஹருன்னிசா நிறையக் கேள்வி கேட்பவர். அன்று கூட்டமில்லை, அதனால் இன்னும் நிறையக் கேட்டார்.

"மீன் தொடாதப்பவும் சுறுசுறுப்பு இருக்கா?"

"இருக்கு டாக்டரம்மா. காலைல எந்திச்சதும் இருக்கு. விரல் நுனிலயும் இருக்கு."

"படபடன்னு வந்து மூச்சு வேகமா வாங்குறீங்களா? பயத்துல அப்படி மூச்சு விட்டாலே வாயைச் சுத்தி இப்படி வரும்."

"பயம் இருக்கு. மூச்சு நல்லாத்தான் விடுதேன்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா? ஒரு பக்கம் மட்டும் மரத்து வாய் கோணுச்சுன்னா மூளைல ரத்தக்குழாய் அடைச்சிருக்கும். சிரிங்க பாப்போம்."

பிரகாசி சிரித்தாள். சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. ஆனால் வாய் நேராகத்தான் போனது. சர்க்கரையைப் பார்த்தார், தாழவில்லை. பல் பிடுங்கினீர்களா என்றார், இல்லை. கழுத்தில் இருந்த தழும்பைப் பார்த்ததும் டாக்டரின் கை நின்றது.

"இது எப்ப?"

"கழலைக் கட்டி. ஆறு மாசமாச்சு, பெரியாஸ்பத்திரில எடுத்தாவ."

"கால்சியம் மாத்திரை குடுத்திருப்பாங்களே? சாப்பிடுறீங்களா?"

பிரகாசி தலையைக் குனிந்தாள். "மாத்திர சாப்பிட்டா மூணு நாள் வேலைக்கு வரக்கூடாதுன்னு சங்கத்துல சட்டம். அதான் நிப்பாட்டிட்டேன்."

டாக்டர் ஒரு விரலால் அவள் காதுக்கு முன்னால், தாடை எலும்பின் மேல் மெதுவாகத் தட்டினார். தட்டிய நொடியில் வாயோரம் தானாக வெட்டி இழுத்தது. மறுபடி தட்டினார், மறுபடி இழுத்தது.

"ரத்தத்துல கால்சியம் தாழ்ந்துபோச்சு. அந்த ஆபரேஷன்ல பக்கத்துச் சுரப்பி அடிபட்டா இப்படி ஆகும். உதடும் விரலும் சுறுசுறுக்கும், இன்னும் தாழ்ந்தா ஃபிட்ஸ் வரும். உங்க உசுரு போற விஷயம் இது."

பிரகாசிக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். தன் உயிர் போகும் என்று சொன்னதைக் கேட்டு ஒருத்தி இப்படி மகிழ்ந்ததை டாக்டர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். "அப்ப மீனும் இல்ல, நரம்பும் இல்ல. கால்சியம்தான்!"

"இருங்க. ஒரு காரணம் கெடச்சதுனால இன்னொண்ணு இல்லைன்னு ஆயிடாது. மீன்லயும் விஷம் இருக்கலாம். உங்க ஊசி நரம்பு கருகுறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் கொஞ்ச நாள் சுறுசுறுத்துட்டு அடங்கும். டவுனுக்கு ஒரு சீட்டு எழுதுறேன், நரம்பைச் சோதிச்சிருவோம்."

"டாக்டரம்மா." பிரகாசி மேசைமேல் இருந்த பேனாவைத் தன் கையால் மூடினாள். "அந்தச் சீட்டு சங்கத்துக்கும் போவும்லா? நரம்புன்னு எழுதுனாலே எம்மவளக் கூப்பிட்டுருவாவ. அவ டிரம்பெட் வாசிக்கிற பிள்ள. ஒரு வாரம் பொறுங்க. மாத்திரைல அடங்கலன்னா நானே வந்து எழுதச் சொல்லுதேன்."

டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். 'ரத்தத்தில் கால்சியம் குறைவு' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த ஒரு வரிக்காக அவர் பட்ட பாடு தனிக் கதை.

* * *

மாத்திரை போட்ட மூன்றாம் நாள் எறும்புகள் போய்விட்டன.

பிரகாசி நம்பமுடியாமல் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். அமைதியாக இருந்தது. அன்று சாயங்காலம் அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அப்படியே குடித்தாள். எட்டு வருடத்தில் முதல்முறை. வாசலில் உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெனோவா, "யம்மா, சுடலையா?" என்று கேட்டாள்.

"சுகமாயிட்டுட்டீ!" என்றாள் பிரகாசி. மகளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஊருக்குள் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கெட்டது மீன் இல்லையாம், பிரகாசியின் உடம்புதானாம், மாத்திரையில் சரியாகிவிட்டதாம். பதினோரு நாள் திட்டியவர்களே வந்து நலம் விசாரித்தார்கள். சிலுவை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமல், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

திருவிழாவன்று விடியும்போதே பதினாறு வள்ளங்கள் கரைக்கு வந்தன. முதல் மீன் அத்தனையும் அசனத்துக்கு நேர்ந்தது. ஏலக்கூடத்தில் நிற்க இடமில்லை. மாத்திரை சாப்பிட்டால் வேலைக்கு வரக்கூடாது என்ற சட்டத்தை அன்று யாரும் நினைவுபடுத்தவில்லை. வேலை தொடங்குமுன் உதட்டுக்காரி தன் உதடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அதுதான் முறை. துளி விஷம் தடவிய சீட்டு ஒன்றைக் கிழித்து உதட்டில் வைக்கவேண்டும். சுறுசுறுத்தால் பதிவேட்டில் 'சரி' என்று எழுதவேண்டும்.

பிரகாசி சீட்டைக் கிழித்தாள். கை உதட்டருகே போனது, நின்றது.

சுடச்சுடக் குடித்த டீ அவள் ஞாபகத்துக்கு வந்தது. முளைப்பு ஊசி போட்ட உதட்டுக்குக் கால்சியம் ஏறினாலும் டீ சுடத்தானே வேண்டும்? அவள் முட்டாளில்லை. அந்தக் கேள்வி மூன்று நாளாகவே அவளுக்குள் எங்கேயோ இருந்தது, அவள்தான் அதற்கு முகம் கொடுக்கவில்லை. சீட்டு சுறுசுறுக்காவிட்டால் அடுத்த நிமிடம் தங்கப்பழம் ஜெனோவாவின் பெயரை எழுதுவார்.

"என்ன மைனி, சீக்கிரம். அடுப்பு பத்தவச்சாச்சு," என்றான் சிலுவை.

சீட்டை இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டு பதிவேட்டில் 'சரி' என்று எழுதினாள். தங்கப்பழம் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாயவாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார். அவருக்கும் பசி, ஊருக்கும் பசி.

முதல் களவா மீன், மூன்று செபம், உதடு அமைதியாக இருந்தது.

"நல்லது," என்றாள் பிரகாசி. கூடம் கைதட்டியது. பதினாறு வள்ளத்து மீனுக்கும் அவள் அதையே சொன்னாள்.

* * *

பூசை முடிந்து ஆண்டவரின் பாடுபட்ட சிலுவையை முத்திசெய்ய வரிசை நின்றது. கோயிலுக்குள் இடம் போதாமல் வெள்ளிச் சிலுவையை வெளியே கொடிமரத்தடியில், உச்சி வெயிலில் கிடத்தியிருந்தார்கள். முன்னால் நின்ற பெண்கள் குனிந்து முத்தமிட்டு, "ஆத்தே!" என்று வெடுக்கென்று நிமிர்ந்தார்கள். வெள்ளி அப்படிச் சுட்டது. பிரகாசியின் முறை வந்தது. குனிந்தாள். கையில் பட்ட சூடு சுரீரென்றது. உதட்டில் பட்டதா, படவில்லையா என்றே தெரியவில்லை. இன்னும் அழுத்தினாள்.

"எக்கா, உதடு வெந்துரும்!" என்று பின்னால் நின்றவள் அவளை இழுத்தாள்.

பிரகாசி வரிசையை விட்டு விலகினாள். இடுப்பிலிருந்த சீட்டை எடுத்து உதட்டில் ஒட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு செபம் சொன்னாள். இரண்டு சொன்னாள். மூன்றாவதன் பாதியில் சொற்கள் மறந்துபோயின.

அந்த இடத்தில் அவள் உடனே ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. சொன்னால் ஜெனோவா, சொல்லாவிட்டால் ஊர். ஒருவேளை மீன் நல்ல மீனாகவே இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. அப்படி நினைத்துக்கொண்டு அவள் கொடிமரத்தடியில் நின்ற நேரம் கொஞ்சம்தான். ஆனால் நின்றாள். அதை யாரிடமும் அவள் மறைத்ததில்லை.

அசனப் பந்தலிலிருந்து டிரம்பெட்டை யாரோ விளையாட்டாக ஒரு ஊது ஊதுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. தேர்ப்பவனிக்கு வாசிக்கவேண்டிய பேண்டுப் பிள்ளைகளுக்கும் பாட்டுப் பிள்ளைகளுக்கும்தான் எப்போதும் முதல் பந்தி.

பிரகாசி ஓடினாள்.

"சாப்பிடாதிய! யாரும் சாப்பிடாதிய! எறிஞ்சிருங்க!"

பரிமாறிக்கொண்டிருந்த சிலுவை வாளியோடு நின்றான். "என்ன மைனி, திரும்பச் சுறுசுறுக்குதா? மாத்திர போட்டியளா?"

"சுறுசுறுக்கல. ஒண்ணுமே தெரியலப்பா. உதடு செத்துப்போச்சு!"

"ஒண்ணும் தெரியலன்னா நல்லதுதான? மீனு நல்ல மீனு!"

சுற்றிலும் சிரித்தார்கள். பாவம், உடம்பு சரியில்லாதவள் என்று யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். பிரகாசி உதறினாள். அடுப்பில் இரண்டாம் பந்திக்குக் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவை வெறுங்கையால் பிடித்துச் சாய்த்தாள். குழம்பு மணலில் ஓடியது. அவள் காலிலும் ஓடியது. எமிலியான் வந்து அவளை ஓங்கி அறைந்தான். பதினெட்டு வருடத்தில் முதல் அடி. கீழே விழுந்து கிடந்தவள் பந்தியில் மகள் எங்கே என்று தேடினாள். ஜெனோவா நான்காவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். அவள் இலையில் மீன் முள் மட்டும் கிடந்தது.

தேர் புறப்படவில்லை. நான்கு மணிக்குள் முதல் பந்தியில் இருந்த முப்பத்து நான்கு பிள்ளைகளும் சுகாதார நிலையத்துத் தரையில் கிடந்தார்கள். எல்லோரும் வாயைத்தான் பொத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் மறுநாள் விடியலைப் பார்க்கவில்லை.

* * *

விசாரணை நடந்தது. டாக்டருக்குக் கட்டாய விடுப்பு. பிரகாசிக்குச் சிறை என்றார்கள், பிறகு உடல்நலக் குறைவு என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். 'சரி' என்று எழுதிய பதிவேட்டைத் தோண்டினால் சாயவாளியை நகர்த்தியவரையும் தோண்டவேண்டியிருக்கும் அல்லவா? ஊர் அவளோடு பேசவில்லை. அவளும் யாரோடும் பேச முயலவில்லை. மூன்று வீடுகளின் வாசலைத் தாண்டாமல் கடைக்குப் போகிற வழி அந்த ஊரில் இல்லை, ஆகவே அவள் கடைக்கே போகவில்லை.

ஜெனோவா பிழைத்துவிட்டாள். ஆனால் குளிர்ந்த பானைத் தண்ணீர் உதட்டில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் கத்துவாள். டிரம்பெட் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் தங்கப்பழம் வந்தார். வாசலில் சங்கத்து வேன் நின்றது, உள்ளே ஐஸ் பெட்டிகள்.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றான் எமிலியான்.

"ஒரு நல்ல சேதி," என்றார் அவர். "ஒருதரம் இந்த விஷம் ஏறின உடம்பு அதை மறக்காதாம். துளி பட்டாலும் காட்டிக்குடுத்துருமாம். ஆயுசுக்கும். அசனத்துல சாப்பிட்ட பிள்ளைக அத்தனைக்கும் இப்ப உதடு சும்மா ஊசி போட்ட மாதிரி வேலை செய்யுது. சங்கமே மாசச் சம்பளத்துல எடுத்துக்குது. இருபத்தாறு பேரு சேந்தாச்சு, ஒவ்வொரு துறைக்கும் ஒருத்தர்."

"எம்மவளுக்கு வேண்டாம்," என்றாள் பிரகாசி.

"வேண்டாம்னு சொல்ல முடியாது, உங்க ஒப்பந்தத்துல ரெண்டு வருசம் பாக்கி இருக்கு. விஷம் ஏறின உடம்புக்கு ஊசி போடக்கூடாதுன்னு புதுச் சட்டம். அதனால ஜெனோவாவுக்குச் சுறுசுறுப்பு தெரியலன்னா நானே தகுதியில்லன்னு எழுதி விட்டுருதேன். வள்ளத்தையும் தொடமாட்டோம். தெரிஞ்சா வரணும்." வேனைக் காட்டினார். "காலைல பிடிச்ச சீலா மீனு. இங்க பாக்க ஆளில்லாம நிக்கி. பிள்ளையப் பாத்த மாதிரியும் ஆச்சு, பெட்டியப் பாத்த மாதிரியும் ஆச்சு."

அவர் மீன் துண்டு எடுத்துவரப் போன இடைவெளியில் பிரகாசி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்ன ஆனாலும் ஒண்ணும் தெரியலன்னு சொல்லு. மூஞ்சிய அசைக்காத. அம்புட்டுத்தான், நீ தப்பிச்சிருவ. கேக்குதாட்டீ?"

ஜெனோவா வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள்.

தங்கப்பழம் நகக்கண் அளவு சதையை அவள் கீழுதட்டில் வைத்தார். யாரும் செபம் சொல்லவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரகாசி மகளின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் அவள் பிடித்திருந்த மணிக்கட்டில் மயிர் சிலிர்த்து எழுந்ததைப் பிரகாசியின் விரல்கள் உணர்ந்தன.

"எப்படிம்மா?"

"ஒண்ணும் தெரியல சார்."

பிரகாசிக்கு மூச்சு வந்தது. தங்கப்பழம் உதட்டைப் பிதுக்கித் தாளில் ஏதோ அடித்துவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போய், "பெட்டி நல்ல பெட்டிதான். டவுனுக்கு விடு," என்று டிரைவரிடம் சொன்னார். வேன் உறுமியது.

ஜெனோவா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அம்மாவின் விரல்கள் இறுகின. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக, கோபமில்லாமல், பிரித்து எடுத்தாள். கடைசி விரலைப் பிரிக்கும்போது பிரகாசி, "வேண்டாம்ட்டீ, ஒனக்குப் புண்ணியமாப் போவும்," என்று கெஞ்சினாள்.

ஜெனோவா வாசலுக்கு ஓடினாள்.

"சார், நில்லுங்க. செவப்பு."

வேன் நின்றது. தங்கப்பழம் திரும்பி வந்து திண்டாட்டமாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"முழுப் பேரு சொல்லும்மா," என்றார்.